மால்டோவாவுக்குப் போன வளர்ச்சி வங்கிப் பணம் என்ன ஆயிற்று?

“முப்பது வருஷமாக உலக வங்கியும் ஐரோப்பிய வங்கிகளும் மால்டோவாவுக்குக் கடன் கொடுக்கின்றன. சீர்திருத்தம், சீர்திருத்தம் என்கிறார்கள். நாடு இன்னும் ஐரோப்பாவின் ஏழைகளில் ஒன்று. அந்தப் பணத்தை யார் தின்றார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இது ‘கடன் வலை’யோ என்ற சந்தேகத்தையும் எழுப்பி, அக்கா மகன் தலைநகர் கிஷினாவில் மருத்துவம் படிப்பதாகச் சொல்லி, அவன் பணத்தை அந்த ஊர் வங்கியில் போட்டு வைக்கலாமா என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். யார் தின்றார்கள் என்பதற்கு விடை சுலபம். மால்டோவாவில் நடந்த பெருங்கொள்ளை வளர்ச்சி வங்கிக் கடனில் நடந்ததல்ல. உள்ளூர் வங்கிகளில் மக்கள் போட்ட பணத்தில் நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்விக்குள் இருப்பது வேறொரு கேள்வி என்று எனக்குப் படுகிறது: ஓர் அரசுக்குச் செய்ய மனமில்லாத ஒன்றை, வெளியிலிருந்து வரும் கடன் செய்ய வைக்குமா? அதற்குத்தான் இந்த நீளமான பதில்.

நான் தணிக்கையாளன். வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களின் கணக்கைப் பார்ப்பதே பல ஆண்டுகளாக என் பிழைப்பு. அதில் கணிசமான பங்கு முன்னாள் சோவியத் நாடுகளுடையது. கணக்கு, ஒப்பந்தம், வங்கி ஒழுங்குமுறை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஊரில் பேசும் ருமேனிய மொழி எனக்கு வராது. அந்த ஊர் அரசியலின் உள்வீட்டுச் சண்டைகளைப் பிறர் சொல்லித்தான் அறிவேன். அந்த இடங்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘வளர்ச்சி வங்கிப் பணம்’ என்று ஒரே வாயில் சொல்வது மூன்று வேறு சமாச்சாரங்களை. ஒன்று, திட்டக் கடன். கிஷினாவில் ஓடும் தாழ்தள டிராலிபஸ்களில் 102 வண்டிகள், இபிஆர்டி என்று எல்லோரும் அழைக்கும் மறுகட்டமைப்பு மற்றும் மேம்பாட்டுக்கான ஐரோப்பிய வங்கியும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் கொடுத்த கடனில், கொஞ்சம் மானியமும் சேர்த்து, 2010-களின் தொடக்கத்தில் வாங்கியவை. இந்த வகைப் பணத்தில் பெரும்பகுதி அரசின் கைக்கே வருவதில்லை. விலைப்பட்டியலும் சரக்கு வந்து சேர்ந்ததற்கான சான்றும் கிடைத்ததும், கடன் கொடுத்த வங்கியே விற்றவரின் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிடும். டெண்டரில் கூட்டுச்சதி நடக்கும், விலையை ஏற்றிப் போடுவார்கள், தரம் குறைந்த சரக்கைத் தள்ளிவிடுவார்கள். அதெல்லாம் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போக வழி குறைவு. இரண்டாவது, கொள்கைக் கடன். சில சட்டங்களையும் முடிவுகளையும் நிறைவேற்றினால் அரசின் கஜானாவுக்கே நேராகப் போகும் பணம் இது. ‘சீர்திருத்தத்துக்கு ஆதரவு’ என்று பத்திரிகையில் வருவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். மூன்றாவது, பங்கு முதலீடு. வளர்ச்சி வங்கியே ஒரு நிறுவனத்தில் பங்குதாரராக வந்து உட்கார்ந்துகொள்வது. 1991-ல் லண்டனில் தொடங்கிய இபிஆர்டி இதில் கைதேர்ந்தது.

கொள்கைக் கடனின் ஆவணத்தைப் பிரித்தால் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கும். இடப்பக்கம், கடன் ஒப்புதலாகும் முன்பே அரசு செய்து முடித்திருக்க வேண்டிய காரியம். வலப்பக்கம், அது நடந்ததற்கான சான்று. மால்டோவா என்றால் அந்தச் சான்று பெரும்பாலும் அரசிதழான ‘மோனிட்டோருல் ஒஃபிச்சியால்’ இதழின் எண்ணும் தேதியும்தான். வங்கியின் சட்டத் துறை அதன் மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளும், இயக்குநர் குழு வாக்களிக்கும், தொகை மத்திய வங்கியில் உள்ள அரசுக் கணக்கில் விழும். விழுந்த பிறகு அது ஆசிரியர் சம்பளத்துக்குப் போயிற்றா, ஓய்வூதியத்துக்குப் போயிற்றா, பழைய கடனின் வட்டிக்குப் போயிற்றா என்று பிரித்துப் பார்க்க முடியாது. பார்ப்பதும் அதன் நோக்கமல்ல. அந்தப் பணத்துக்கு ஈடாக வங்கி கேட்டது சட்டத்தை, சட்டம் வந்துவிட்டது. இதில்தான் சிக்கலே. சில வருடங்களிலேயே அமைச்சகத்து ஆட்களுக்கு இந்த அட்டவணை மனப்பாடமாகிவிடும். எந்த வாசகத்தைப் போட்டால் டிக் விழும் என்று தெரியும். எந்தத் துணைவிதியை எழுதாமல் விட்டால் சட்டம் அப்படியே படுத்துக்கிடக்கும் என்பதும் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது வங்கிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் வருட முடிவுக்குள் கடனை ஒப்புதலாக்க வேண்டும் என்ற நெருக்கடி அவர்கள் பக்கமும் இருக்கிறது. கடன் கொடுக்காத வங்கி அதிகாரிக்குப் பதவி உயர்வு எங்கே வரும்?

மால்டோவா 1991 ஆகஸ்டில் தனிநாடானது. மறு ஆண்டே, நீஸ்தர் ஆற்றுக்குக் கிழக்கே பிரிந்து நின்ற திரான்ஸ்நிஸ்ட்ரியாவில் சண்டை. பெரிய மின் நிலையமும் இரும்பாலையும் இருந்த அந்தக் கிழக்குக் கரை இன்றுவரை கிஷினாவின் கட்டுப்பாட்டில் இல்லை. 1992-ல் உலக வங்கியில் சேர்ந்தார்கள், 1993 நவம்பரில் லே என்ற சொந்த நாணயம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் இந்த நாட்டை நல்ல பிள்ளை என்று பாராட்டின: விலைக்கட்டுப்பாட்டை நீக்கினார்கள், கூட்டுப் பண்ணைகளை உடைத்து நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இத்தனையும் செய்தும் 1999-ல் நாட்டின் உற்பத்தி 1990-ல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நின்றது. ரஷ்யாவின் 1998 நெருக்கடி கடைசி உதையைக் கொடுத்தது. பிறகு ஜனங்கள் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்கும் இத்தாலிக்கு முதியோரைப் பார்த்துக்கொள்ளவும் கிளம்பினார்கள். 2000-களின் நடுவில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் நாட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருந்தது. அதன் முன்னால் எந்த வளர்ச்சி வங்கியின் கடனும் சில்லறைதான். நாடு ஏன் இன்னும் ஏழை என்பதற்குக் கடனில் விடை தேடினால் கிடைக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

நிபந்தனை போட்டால் அரசு பணிந்துவிடும் என்று நினைப்பவர்கள் 1999-ஐப் பார்க்க வேண்டும். ஒயின், புகையிலை ஆலைகளைத் தனியாருக்கு விற்கும் சட்டத்தை நாடாளுமன்றம் மறுத்தது. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் பணத்தை நிறுத்தின. பணிந்தது நாடாளுமன்றம் அல்ல. சீர்திருத்தம் பேசிக்கொண்டிருந்த பிரதமர் இயோன் ஸ்தூர்சாவின் அரசு அதே நவம்பரில் கவிழ்ந்தது. 2001 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி பெரும்பான்மையோடு வந்தது. நிபந்தனையின் அடி விழுந்தது உள்ளே இருந்த நண்பர்கள் மீது.

அதே காலத்தில் வேறொரு காரியம் நடந்து நிலைத்தும்விட்டது. 2000 பிப்ரவரியில் ஐந்து மின் விநியோக நிறுவனங்களில் மூன்றை ஸ்பெயினின் யூனியன் ஃபெனோசா வாங்கியது; இதற்குப் பின்னால் உலக வங்கிக் குழுமத்தின் ஊக்கம் இருந்தது. 90-களில் மின்சாரக் கட்டணத்தைப் பணமாகக் கட்டியவர்கள் குறைவு. தொழிற்சாலைகள் சரக்கைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்யும், ஊர்களில் மணிக்கணக்காக மின்வெட்டு. புதிய முதலாளி மீட்டரை மாற்றி, கட்டாதவர் இணைப்பைத் துண்டித்து, வசூலை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். கம்யூனிஸ்ட் அரசு அந்த விற்பனையைக் கிளறிப் பார்த்தது, ரத்து செய்யவில்லை. நிறுவனம் பிறகு கை மாறினாலும் தனியாரிடமே இருக்கிறது. ஏன் இது நின்றது, மற்றவை ஏன் சாய்ந்தன? என் அபிப்பிராயம் இது: சட்டம் வந்த மறுநாளிலிருந்து அதை விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பங்காளி உள்ளே இருந்தார், வசூல் நின்றால் அவருக்கு நஷ்டம். ஆனால் இதை அடித்துச் சொல்ல மாட்டேன். வடக்கே அரசிடமே இருந்த நிறுவனங்களிலும் பிற்பாடு வசூல் தேறியது. தேறியதற்குக் காரணம் உரிமை மாற்றமா, கட்டண உயர்வா, ஒழுங்குமுறை ஆணையமா என்று பிரித்தெடுக்க வழியில்லை. கட்டணம் ஏறியபோது கையைக் கடித்தது ஓய்வூதியக்காரர்களுக்கு என்பது மட்டும் நிச்சயம்.

இடையில் வந்த சில சீர்திருத்தங்களைச் சீக்கிரமே கடந்துவிடலாம். 2004-ல் ‘கில்லட்டின்’ சட்டம் என்று ஒன்று வந்தது: தொழில் செய்வோரைக் கட்டுப்படுத்தும் பழைய விதிகளையெல்லாம் ஒரு குழு பரிசீலிக்க வேண்டும், தேவை என்று நிரூபிக்கப்படாதவை தாமாகவே செத்துப்போகும். உரிமங்கள் குறைந்தன, உண்மைதான். ஆனால் தொழில் நடத்தியவரின் பயம் படிவங்களைப் பற்றியதல்ல. அவர் பங்கை வேறொருவர் நீதிமன்ற ஆணையோடு வந்து பிடுங்கிக்கொள்வார் என்பதே. 2011-ல் அதுவும் நடந்தது. சில வங்கிகளின் பங்குகளே நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாக இரவோடிரவாகக் கை மாறின. ஒயின் தொழிலைத் திருத்தியதோ கடன் அல்ல, ரஷ்யா 2006-லும் 2013-லும் போட்ட தடை. சந்தையில் பெரும்பகுதி ஒரே நாளில் மூடிய பிறகு, தரத்தை ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சமயத்தில் ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2010-ல் கொடுத்த 7.5 கோடி யூரோ திராட்சைத் தோட்டத்துக்கும் தொட்டிகளுக்கும் இயந்திரங்களுக்கும் கைகொடுத்தது. மாற நினைத்தவருக்கு மாறும் செலவை அது கொடுத்தது, அவ்வளவுதான்.

இனி வங்கிக் கொள்ளை. பாங்கா தே எகோனோமி, பாங்கா சோஷியலா, யூனிபாங்க் என்று மூன்று வங்கிகள். நாட்டு வங்கித்துறைச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு இவற்றிடம். முதலாவது பழைய சோவியத் சேமிப்பு வங்கியின் வாரிசு. 2013-ல் புதுப் பங்குகளை வெளியிட்டபோது அரசு தன் பெரும்பான்மையை இழந்தது. மூன்றிலும் பங்குகள் சிறு சிறு துண்டுகளாகப் பல பெயர்களில் இருந்தன. ஐந்து சதவீதத்துக்கு மேல் வாங்கினால் அனுமதி கேட்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் அந்தக் கோட்டுக்குக் கீழே. நம் ஊரில் பினாமி என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். மூன்று வங்கிகளும் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து, ஒன்றின் ஓட்டையை இன்னொன்றின் பணத்தால் அடைத்து, கடைசியில் 2014 நவம்பர் 24 தொடங்கி மூன்றே நாளில் மிச்சத்தைத் துடைத்து வெளியே அனுப்பின. பணம் லாட்வியா வங்கிகள் வழியாகவும் ஸ்காட்லாந்தில் பதிவான பெயர்ப்பலகை நிறுவனங்கள் வழியாகவும் போனது. மறுநாள், வங்கி ஆவணங்களை ஏற்றிச் சென்ற வேன் ஒன்று திருடப்பட்டு எரிக்கப்பட்டது; நாட்டின் மத்திய வங்கி அமர்த்திய க்ரோல் என்ற தனியார் புலனாய்வு நிறுவனத்தின் அறிக்கையில் இது இருக்கிறது. மொத்த ஓட்டை சுமார் 100 கோடி டாலர், நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதம்.

இதில் வளர்ச்சி வங்கிகளுக்குப் பங்கு உண்டா? திருடியதில் இல்லை. கண்டும் காணாமல் இருந்ததில் உண்டு என்பேன். இந்த வங்கிகளின் பங்குதாரர் யார் என்று தெரியவில்லை, இது ஆபத்து என்று சர்வதேச அமைப்புகள் முன்னரே எச்சரித்திருந்தன. எச்சரித்துக்கொண்டே கொள்கைக் கடனும் போய்க்கொண்டிருந்தது. 2009-க்குப் பிறகு வந்த கூட்டணி ஐரோப்பாவை நோக்கிப் பேசியது. 2014 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு, அதன் சந்தையைத் திறந்துவிடும் கூட்டுறவு ஒப்பந்தமும் கையெழுத்தானது. நம்ம பையன்கள் என்று நினைத்துவிட்டால் அட்டவணையில் டிக் போடும் கை கொஞ்சம் இளகிவிடும். அந்தக் காலத்துப் பிரதமர் விளாத் ஃபிலாத்தை 2015 அக்டோபரில் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு ஊழல் வழக்கில் ஒன்பது ஆண்டு தண்டனை. பாங்கா தே எகோனோமியின் தலைவராக இருந்த இலான் ஷோருக்கு 2017-ல் ஏழரை ஆண்டு, மேல்முறையீட்டில் 2023-ல் பதினைந்து ஆண்டு. அவர் 2019-லேயே நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

2015-ல் உலக வங்கி, சர்வதேச நிதியம், ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் பட்ஜெட் ஆதரவை நிறுத்தின. 1999-ல் பலிக்காத இந்த வைத்தியம் இந்தத் தடவை பலித்தது. நாணயம் சரிந்திருந்தது, கிஷினாவின் நடுச் சதுக்கத்தில் மக்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், கஜானா காலி. மூன்று வங்கிகளையும் அக்டோபரில் மூடினார்கள். 2016 மார்ச்சில் பாரிஸில் வங்கித்தொழிலில் இருந்த செர்ஜியு சியோக்லேயாவை வரவழைத்து மத்திய வங்கியின் ஆளுநராக்கினார்கள். அதே மாதம் மத்திய வங்கி மால்டோவா அக்ரோயிந்த்பாங்க் என்ற மிகப் பெரிய வங்கியில் கை வைத்தது: ஏறத்தாழ 40 சதவீதப் பங்கை வைத்திருக்கும் ஒரு குழு, தனித்தனி ஆட்கள் போல நடித்துக்கொண்டு, அனுமதியில்லாமல் கூட்டுச்சேர்ந்து செயல்படுகிறது என்று அறிவித்து, அவர்கள் வாக்குரிமையை முடக்கியது. மூன்று மாதத்துக்குள் விற்றுவிட வேண்டும், இல்லையேல் அந்தப் பங்குகள் ரத்தாகிப் புதுப் பங்குகள் ஏலத்துக்கு வரும். அந்த நவம்பரில் நிதியத்தின் மூன்றாண்டுத் திட்டம், சுமார் 17.9 கோடி டாலர், ஒப்புதலானது. 2017-ல் ஐரோப்பிய விதிகளை ஒட்டிய புது வங்கிச் சட்டம் வந்தது. பங்குப் பதிவேடுகளைத் தனியார் பதிவாளர்களிடமிருந்து எடுத்து ஒரே மத்திய வைப்பகத்துக்கு மாற்றினார்கள். கேட்க உப்புச்சப்பில்லாத வேலைதான், ஆனால் திருட்டின் ஆணிவேர் அந்தப் பதிவேடுகளில்தான் இருந்தது.

முடக்கிய பங்குகளை வாங்க யாரும் வரவில்லை. பெயர் கெட்ட சந்தையில், வழக்கு தொங்கும் ஒரு வங்கியை எவர் வாங்குவார்? பணத்தைவிடப் பெயருக்கு மதிப்பு இருந்தது இங்கேதான். இபிஆர்டி விக்டோரியாபாங்கில் பல ஆண்டுகளாகச் சிறு பங்குதாரர்; உள்ளே நடப்பதைத் தடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்த காலம் அது. 2018 ஜனவரியில் ருமேனியாவின் பாங்கா திரான்சில்வானியாவைச் சேர்த்துக்கொண்டு, இருவருமாக அதன் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தார்கள். அக்ரோயிந்த்பாங்க் விஷயத்தில் அரசே அந்த 41 சதவீதத்தை வாங்கி, கையோடு இபிஆர்டி உள்ளிட்ட ஒரு முதலீட்டுக் குழுவுக்கு 2018 அக்டோபரில் விற்றது. அரசு ஏன் நடுவில் வந்தது என்று கேட்பீர்கள். பழைய ஆட்கள் வழக்குப் போட்டால் புதியவர் சிக்கிக்கொள்ளக் கூடாது என்ற ஏற்பாடுதான். மால்டோவாவில் வளர்ச்சி வங்கிகள் செய்ததிலேயே உருப்படியான காரியம் எது என்று என்னைக் கேட்டால், எந்தக் கொள்கைக் கடனையும் சொல்ல மாட்டேன்; இந்த இரண்டு பங்கு வாங்கல்களைச் சொல்வேன். இயக்குநர் குழுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு, எந்தக் கடன் யாருக்குப் போகிறது என்பது மாதா மாதம் தெரியும். அரசிதழைப் படிப்பவருக்குத் தெரியாது.

இதை ஒரு வெற்றிக் கதையாக மடித்து வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சீர்திருத்தம் நடந்த 2016 முதல் 2019 வரையான காலத்தில்தான் நாட்டின் லகான் விளாத் பிளாஹோட்னியுக் என்ற கோடீஸ்வர அரசியல்வாதியின் கையில் இருந்தது. அமைச்சர் பதவியில்லாமலே அரசையும் நீதித்துறையையும் ஆட்டிவைத்தார். வங்கிச் சட்டத்தை வரிக்கு வரி நிறைவேற்றிய அதே நாடாளுமன்றம், 2018 ஜூலையில் கணக்கில் காட்டாத சொத்தைச் சொற்ப வரியோடு வெள்ளையாக்கும் சட்டத்தையும் போட்டது. அதற்கு முந்தைய மாதம் கிஷினாவ் மேயர் தேர்தலில் எதிர்க்கட்சியின் ஆந்த்ரே நெஸ்தாஸே ஜெயித்ததை நீதிமன்றம் செல்லாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் தன் 10 கோடி யூரோ உதவியை நிறுத்தியது; ஜனநாயகம் அதன் நிபந்தனையில் எழுதியே இருந்ததால் அதற்கு முடிந்தது. உலக வங்கியின் சாசனம் கடன் பெறும் நாட்டின் அரசியலில் தலையிடுவதையே தடுக்கிறது. இபிஆர்டியின் சாசனம் பலகட்சி ஜனநாயகத்தை முதல் பிரிவிலேயே பேசுகிறது, ஆனாலும் தனிப்பட்ட முதலீடுகளில் அது அரிதாகவே கனக்கும். வங்கிகளைச் சுத்தம் செய்தது பிளாஹோட்னியுக்குக்கும் வசதியாக இருந்ததா, போட்டியாளர்களின் பங்குகளைத்தான் முதலில் முடக்கினார்களா என்ற கேள்வி கிஷினாவில் பலமாகவே உலவியது. இது நான் தள்ளுபடி செய்யச் சொன்ன பகுதி.

எரிவாயுக் கதை வேறு மாதிரி. ருமேனியாவின் யாஷியிலிருந்து எல்லையூர் உங்கேனிக்கு 43 கிலோமீட்டர்க் குழாய் 2014 ஆகஸ்டில் திறந்தார்கள். ரஷ்யப் பிடியிலிருந்து விடுதலை என்று மேடைப் பேச்சு. ஆனால் குழாய் உங்கேனியில் நின்றுவிட்டது. எரிவாயு எரிவது தலைநகரில். மீதி 120 கிலோமீட்டரைப் பதித்து முடிக்க 2020 ஆகிவிட்டது. அதைக் கட்டிய ருமேனிய நிறுவனத்தின் மால்டோவாக் கிளையில் இபிஆர்டி 2021-ல் கால் பங்கு எடுத்தது. அந்த அக்டோபரிலேயே ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் வரத்தைக் குறைத்து விலையை ஏற்ற, மால்டோவா தன் வரலாற்றில் முதல் தடவையாக ரஷ்யரல்லாத ஒருவரிடம், போலந்திடம், பத்து லட்சம் கன மீட்டர் வாங்கிப் பார்த்தது. 2022-ல் போர் வந்ததும் இபிஆர்டி 30 கோடி யூரோவை அரசு நிறுவனமான எனர்ஜோகாமுக்குக் கொடுத்தது. எரிவாயு வாங்கிச் சேமிக்க மட்டும். இதில் நிபந்தனையின் பங்கு குறைவு. செய்ய வேண்டும் என்று துடித்த அரசிடம் காசில்லை, காசு வந்தது, வேலை நடந்தது. உண்மையைச் சொன்னால் இப்படி ஒத்துப்போகும் தருணங்கள் ஒரு நாட்டுக்கு முப்பது வருடத்தில் இரண்டோ மூன்றோ வந்தாலே அதிகம்.

‘கடன் வலை’ என்ற உங்கள் சந்தேகத்துக்கும் ஒரு வார்த்தை. மால்டோவாவின் பொதுக்கடன் உற்பத்தியோடு ஒப்பிட்டால் மிதமானதுதான், வளர்ச்சி வங்கிகளின் பகுதி நீண்ட தவணை, குறைந்த வட்டி. 2002-ல் அவர்கள் கட்ட முடியாமல் தவணை மாற்றிக் கேட்டது வெளிநாட்டுச் சந்தையில் வெளியிட்ட கடன் பத்திரத்தை. மக்கள் தலையில் உண்மையிலேயே விழுந்த சுமை வங்கிக் கொள்ளையால் வந்தது: மூழ்கும் மூன்று வங்கிகளுக்கு மத்திய வங்கி கொடுத்த அவசரக் கடனுக்கு அரசு ஜாமீன் நின்றது. 2016-ல் அந்த ஜாமீன் சுமார் 1,330 கோடி லே அரசுப் பத்திரமாக மாறியது. அசலும் வட்டியுமாக 2041 வரை பட்ஜெட்டிலிருந்து போகும்.

நிச்சயமில்லாத இடம் ஒன்று மிச்சமிருக்கிறது, பெரியது. 2016-க்குப் பிறகு வந்த மாற்றம் பணத்தை நிறுத்தியதால் வந்ததா, ஐரோப்பியச் சந்தை திறந்ததால் வந்ததா, சதுக்கத்தில் கூடிய மக்களாலா, அல்லது திருடுவதற்கு மிச்சம் இல்லாததாலா? நாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் அடுத்தடுத்து நடந்தவை, பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு மால்டோவா கிடையாது. இதில் ‘எங்கள் கடனால்தான்’ என்று எழுதும் மதிப்பீட்டு அறிக்கையை நான் நம்புவதில்லை. ‘அவர்களால்தான் நாடு கெட்டது’ என்பதையும் அதே அளவு நம்புவதில்லை. சின்ன நாட்டுக்கே உரிய இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நாடுகளில் நிதி அமைச்சகத்தில் கடன் விஷயம் தெரிந்தவர் சிலரே. உலக வங்கி, நிதியம், இபிஆர்டி, ஐரோப்பிய ஒன்றியம் என்று எல்லாருடைய அட்டவணையும் அதே நாலைந்து பேரின் மேஜைக்குத்தான் வரும். அவர்களில் கெட்டிக்காரர் ஒருவரை ஏதாவதொரு வங்கியே நல்ல சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடும்.

உங்கள் அக்கா மகனின் பணம்: செலவுக்கு வேண்டியதை வங்கியில் வைக்கலாம். 2014-ல் வைப்புத்தொகைக்கு இருந்த காப்பு வெறும் 6,000 லே. அதற்குப் பிறகு பல மடங்கு கூட்டியிருக்கிறார்கள். இன்றைய எல்லை என்ன என்பதைக் கணக்குத் தொடங்கும்போதே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரே வங்கியில் வைக்க வேண்டாம். வங்கியின் இணையதளத்தில் பங்குதாரர் பட்டியல் இருக்கும். பெரிய பங்கை யார் வைத்திருக்கிறார் என்று அதில் பார்த்து, பெயர் தெரிந்த நிறுவனமாக இருக்கும் வங்கியைத் தேர்ந்தெடுக்கலாம். முழு ஆண்டுக் கட்டணத்தையும் மொத்தமாக அங்கே அனுப்பி வைக்காமல், கல்லூரி கேட்கும் தவணைக்கு முன்பாக ஊரிலிருந்து அனுப்புவது நல்லது.